முட்டுக்காட்டுக்கு நடந்து வந்த கல்

ஐப்பசி கடைசியில் ஒரு கல்லறைக் கல் கருங்குழிப் பக்கமிருந்து புறப்பட்டு, செங்கல்பட்டு, திருப்போரூர் வழியாக முட்டுக்காட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தது. பாலாற்றுப் பாலத்தில் நெரிசலாக இருந்ததால் ஓரமாக ஒதுங்கிப் பேருந்துகளுக்கு வழிவிட்டதாம். செங்கல்பட்டில் டீக்கடை பொன்னி, மழை விடும்வரை கூரைக்குள் நிற்கச் சொன்னாள். எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. வயசான கல், பேரனைப் பார்க்கப் போகும், வேறெங்கே போகும்?

பேரன் பெயர் பெஞ்சமின். கம்பெனி ஒன்றில் மேனேஜர், கடல் தெரிகிற ஃபிளாட்டில் வாசம். மகள் ஜெனிட்டா நிதினை விரும்பினாள், நல்ல பையன்தான். ஆனால் கருங்குழிப் பக்கத்து வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், சம்பந்தம் பேசும்போது ஜாதகமா கேட்பார்கள்? உங்கள் பெரியவர்கள் சுவருக்கு எந்தப் பக்கம் படுத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. கிழக்கே நிலம் வைத்திருந்தவர்கள். மேற்கே அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நிதின் வீட்டார் கிழக்கு. பெஞ்சமினின் தாத்தா ஆபிரகாம் மேற்கு. ஈர சிமெண்டில் ஆணியால் கீறிய பெயர்தான் அவருக்குக் கல்வெட்டு.

பெஞ்சமின் ஊர் மாதா கோயிலுக்குப் போய் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினான். அதே வருஷம் செத்த இன்னொரு ஆபிரகாம் இருந்தார், கிழக்கே, பளபளக்கும் கருங்கல்லின் கீழே. எந்தப் பக்கம் என்று பதிவேட்டில் எழுதும் வழக்கமில்லை. அது அவனுக்கு வசதியாகப் போயிற்று. அந்தக் கல்லைப் படமெடுத்துத் தன் வம்ச வரிசையில் ஒட்டிவிட்டான். கல்லறைத் திருநாளன்று சம்பந்தி ஜோசப்பை அழைத்துக்கொண்டு போய், யாரோ ஒருவருடைய கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினான். கண்ணீர் வேறு விட்டான், அதையும் சொல்லத்தானே வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இந்த வருஷம் சுண்ணாம்புகூட அடிக்காத சிமெண்டுக் கல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. கோபமெல்லாம் இல்லை. பேரனுக்கு வழி தெரியாமல் போய்விட்டது போல என்று நினைத்து, தானே கிளம்பியது.

வந்து சேர்ந்த அன்று நிச்சயதார்த்தம். கல் லிஃப்டில் ஏறி, கதவுக்கு வெளியே செருப்புகளோடு செருப்பாக நின்றது. பெஞ்சமின் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டான். சின்ன வயசில் வருஷா வருஷம் அப்பாவோடு போய்ச் சுண்ணாம்பு அடித்த கல்லாயிற்றே.

"இன்னாங்க சம்பந்தி, யாரு கல்லோ வந்து நின்னுகினு கீது? உங்க சொந்தமா?" என்றார் ஜோசப்.

"தெரியலீங்க. யாருதோ."

சொன்ன வாய் மூடுவதற்குள் கல்லின் எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொடியாகி உதிர்ந்தன. பேரன் பொய் சொன்னான் என்று ஆகிவிடக் கூடாதல்லவா? ஜோசப் குனிந்து பார்த்தபோது அது பேரில்லாத வெறும் கல். சமாதானமாகி உள்ளே போய்க் கேசரி சாப்பிட்டார். பெஞ்சமின் தன் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தான். கூசிப் போய் உட்கார்ந்திருந்தான்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. கல் திரும்பிப் போகவில்லை. அசோசியேஷன்காரர்களும் ஒரு தடவை முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். காலையில் ஆபீஸ் கிளம்பும்போது வராந்தாவில் ஆள் இல்லையென்றால், "போயிட்டு வரேன் தாத்தா" என்பான் பெஞ்சமின். கல் நகர்ந்து வழிவிடும். லிஃப்ட் கதவு திறந்து யாராவது வந்தால் அவன் வாயை மூடிக்கொள்வான். கல்லும் உடனே அசைவை நிறுத்திக்கொள்ளும். இன்றுவரை அது அவனைக் காட்டிக்கொடுத்ததில்லை.