பச்சை நீலமான பெட்டி

மாலையில் பச்சையாகப் பெட்டியில் பூட்டிவைத்த மெல்லிய நிறப்படலம் காலையில் நீலமாகக் கிடந்தது. இது இரண்டாம் முறை.

பட்டறையில் இரண்டே பேர்: அண்ணியும், அவள் கணவனின் தங்கையும். பெட்டிக்கு ஆளுக்கொரு சாவி. வெள்ளிக்கிழமை வரும் வாடிக்கையாளர் இவர்கள் இருவரில் ஒருவருடைய படலத்தைத்தான் எடுப்பார். அண்ணி செய்தது பச்சை, நாத்தனார் செய்தது நீலம்.

"பெட்டியத் திறந்தியா?"

"நான் எதுக்கு அண்ணி திறக்கணும்?"

"அப்போ உன் நீலம் எப்படி உள்ள வந்துது?"

"நடந்து வந்திருக்கும். கேட்டுப் பாருங்க."

அண்ணி சிரிக்கவில்லை. இந்தப் படலத்தில் சாயமே கிடையாது. கடுகைவிடச் சிறிய மெல்லிய கூடுகள், அவற்றுக்குள் நீர், நீரில் கண்ணுக்கே தெரியாத உருண்டைகள். ஒரே மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளி, சம இடைவெளி விட்டு வரிசைகட்டி நிற்கும். அந்த இடைவெளிதான் நிறம்: விலகினால் சிவப்பு, நெருங்கினால் நீலம், நடுவே பச்சை. மின்சாரம் செலுத்தினால் நெருங்கும். ஆனால் பெட்டிக்குள் கம்பியே இல்லையே! யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, இன்னொரு சாவி நாத்தனாரிடம்தானே!

புதுப் பச்சைப் படலத்தின் மூலையில் ஊசியால் ஒரு கீறல் போட்டு, எடையையும் குறித்துக்கொண்டு பூட்டினாள். இரவுச் சாப்பாட்டில் நாத்தனாரிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

காலையில் படலம் நீலம். மூலையில் அதே கீறல்.

"இப்பவாவது நம்புறீங்களா?" நாத்தனார் குனிந்து பார்த்தாள். "இந்தப் பக்கம் மட்டும் நீலம் அடர்த்தியா இருக்கே. இங்க என்ன வெச்சீங்க?"

அந்தப் பக்கம் இருந்தது ஈரம் உறிஞ்சும் பொட்டலம். படலம் கெடக்கூடாதென்று அண்ணியே வைத்தது. அவள் படலத்தைத் தராசில் வைத்தாள். நேற்றைவிட எடை குறைந்திருந்தது.

"கூட்டுச் சுவர் வழியா தண்ணி வெளிய போயிருக்கு," என்றாள் மெதுவாக. "கூடு சுருங்கிடுச்சு. உருண்டையெல்லாம் நெருங்கிடுச்சு."

"திருடன் பொட்டலத்துக்குள்ள இருந்திருக்கான். என்னைப் போய்..."

"சரி, திட்டு. முதல்ல கொஞ்சம் பஞ்சை நனைச்சுக் குடும்மா."

பொட்டலத்தை எடுத்துவிட்டு, படலத்தில் படாமல் ஈரப்பஞ்சை வைத்துப் பெட்டியை மூடினார்கள். கூடுகள் நீரைத் திரும்ப உறிஞ்சின, உருண்டைகள் விலகின. மாலையில் படலம் பச்சையாக இருந்தது. பிறகு அதன் இரு பக்கமும் கண்ணாடி வைத்து, ஈரம் போகாதபடி ஓரங்களைப் பசையால் அடைத்தார்கள். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் வந்தபோதும் அது பச்சையாகவே இருந்தது.