இரண்டாம் அறையின் காற்று

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த தலைமை விஞ்ஞானி உட்பட. பன்னிரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் டேப்பால் உரித்தெடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் துளைகளை எண்ண வேண்டும். செடி மூச்சு விடும் வாய்கள் அவை. உரித்த பூச்சில் ஒவ்வொரு வாயும் இரண்டு உதட்டோடு அச்சாகப் பதிந்திருக்கும். அவள் எண்ணினால் மறுபடி யாரும் சரிபார்ப்பதில்லை.

அவளுடைய மகள் இறந்து ஐந்து மாதமாகிறது. ஒன்பது வயது. நெஞ்சில் சளி கட்டி, எட்டே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டில் அழ வழியில்லை. பேருந்து ஓட்டும் கணவன் ஒரே ஒரு முறை, "நீ அழுதா எனக்குக் கை நடுங்குது, ஸ்டியரிங்கப் பிடிக்க முடியல" என்றான். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். வேலைக்கு வந்தால் துக்கம் விசாரிப்பவர்கள் தொல்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். சொன்னவர்கள் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் பத்திரமாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன.

அதனால்தான் இரண்டாம் வளர்ப்பறை. நாலு பேர் நிற்கக்கூட இடம் போதாத அறை. விளக்குகளுக்குக் கீழே தட்டுத் தட்டாகச் செடிகள் இருக்கும். கதவைச் சாத்தினால் ரப்பர் விளிம்பு கப்பென்று ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டு வேளையிலும் வேலை முடிந்த பிறகும் உள்ளே போய், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுவாள். சத்தம் நடைக்குக் கேட்கக் கூடாதென்று, காற்று போய்வரும் சன்னலின் தகட்டை முதல் நாளே இழுத்து மூடியிருந்தாள். திறந்துவைக்க வேண்டுமென்று பிறகு தோன்றவே இல்லை.

அந்த அறைச் செடிகள் டாக்டரம்மாவுடையவை. இன்னும் டாக்டர் பட்டம் வாங்காத பெண்தான். சேர்ந்த முதல் நாளே யாரோ கிண்டலாக ஒட்டிய பெயர் நிலைத்துவிட்டது. துளை குறைவாக உண்டாகும்படி ஒரு விதையை அவள் மூன்று வருடமாகத் தயார் செய்துகொண்டிருந்தாள். துளை குறைந்தால் செடி தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும். மழை பொய்த்த ஊர்களுக்கு அந்த விதை போகும். மகரந்தம் கலந்துவிடக் கூடாதென்று சாதாரணச் செடிகளை முதல் அறையிலும் இவற்றை இரண்டாம் அறையிலும் வைத்திருந்தாள்.

கணக்கு வந்தது. சாதாரண இலையில் நூற்று நாற்பது துளை இருக்கும் இடத்தில் இதில் தொண்ணூறுதான்.

டாக்டரம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அக்கா, நம்ம விதை ஜெயிச்சிருச்சு. வெள்ளிக்கிழமை கூட்டத்துல சொல்லப்போறேன். அடுத்த மாசமே வயலுக்கு அனுப்புறாங்க."

"எப்படிம்மா அதுவா கம்மி பண்ணிக்குது?"

"இலை பொடிசா இருக்கும்போதே தோல்ல ஒரு செல் ஏறுமாறா ரெண்டாப் பிரியும், ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. அந்தச் சின்னதுதான் கடைசியில ரெண்டு உதடாப் பிளக்கும். பிளக்கறதுக்கு முன்னாடியே, என்னை ஒட்டி நீங்க யாரும் வாய் திறக்காதீங்கன்னு பக்கத்துச் செல்லுக்கெல்லாம் சொல்லிடும். அந்தச் சத்தத்தை நான் கொஞ்சம் கூட்டிவிட்டேன், அவ்வளவுதான்." அவள் சிரித்தாள். "காத்துல கரியமில வாயு கூடினாலும் இதே மாதிரி நடக்கும். மூத்த இலை காத்தைப் பாத்துட்டு, இத்தனை வாய் போதும்னு புது இலைக்குத் தகவல் அனுப்பும். ஆனா நம்ம ரெண்டு ரூம்லயும் ஒரே காத்துதானே."

அக்காவுக்குத் தான் இழுத்து மூடிய தகடு நினைவுக்கு வந்தது. இந்தச் செடிகள் வளர்ந்த எட்டு வாரமும், தினம் இரண்டு மணி நேரம், அடைத்த அறையில் அவள் விட்ட மூச்செல்லாம் எங்கே போயிருக்கும்?

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் அந்த நினைப்போடு கிடந்தாள். அனுப்பிய விதை பொய்த்து, யாரோ ஒருத்தி காய்ந்த வயலில் நிற்பாளே என்ற எண்ணம் விடவில்லை. வியாழக்கிழமை காலையில் போய்ச் சொல்லிவிட்டாள், வாளி, தகடு, அழுகை எல்லாவற்றையும்.

டாக்டரம்மாவின் முகம் செத்துவிட்டது.

"கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்றேன். ஆனா நிரூபிக்கணும் அக்கா. ரெண்டாம் ரூம்ல இப்ப சாதாரணச் செடியை வைக்கிறேன். நீங்க முன்ன மாதிரியே தினம் உள்ள உக்காரணும், எட்டு வாரம்."

"எனக்கு நினைச்சப்பல்லாம் அழுகை வராதும்மா."

"அழவேண்டாம். மூச்சு விட்டாப் போதும்."

உட்கார்ந்தாள். எதிரே கரியமில வாயுவை அளக்கப் புதிதாக மாட்டிய மீட்டரில் அவள் மூச்சு எண்ணாக ஏறிக்கொண்டிருந்தது. மகளுக்கு விரலில் மாட்டியிருந்த கருவியிலும் இப்படித்தான் எண்கள் ஓடின, அவை இறங்கிக்கொண்டே வந்தன. இங்கே அவளுடையது ஏறியது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

எட்டு வாரம் கழித்து அவளே நகப்பூச்சு தடவினாள், அவளே எண்ணினாள். எந்த மாற்றமும் செய்யாத சாதாரணச் செடி. தொண்ணூற்றிரண்டு. தப்பாக எண்ணியிருக்கக் கூடாதா என்று மூன்று தடவை எண்ணினாள். முதல் அறைக்கு மாற்றியிருந்த டாக்டரம்மாவின் விதையில் நூற்று முப்பத்தெட்டு.

மூன்று வருடம் மண்ணாய்ப் போனது. டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். தொலைபேசியில் அவள் அம்மா, "என்னடி ஆச்சு, ஜெயிச்சிட்டியா?" என்று கேட்டது பக்கத்து மேசைவரை கேட்டது. "நல்லாப் போகுதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா எழுந்து இரண்டாம் அறைக்குப் போனாள். தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நடையில் வைத்தாள். ஒரு செடியும் மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டபின், சன்னலின் தகட்டை இழுத்து மூடி, வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். பிறகு வந்து டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாள்.

"செடியெல்லாம் எடுத்துட்டேன்மா. உள்ள போங்க. நான் வெளிய நிக்கறேன்."