பொந்துக்கு வழி சொன்னவன்

பக்தவத்சலத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. ரங்கத் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினார். அந்தமானில் மட்டுமே இருக்கும் பறவைகளின் பட்டியல். எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தது, கறுப்பு மரங்கொத்திக்கு மட்டும் இல்லை. "நாளைக்குக் காலைல இதை முடிச்சுக் குடுத்துடுப்பா" என்றார், கரண்ட் பில் கட்டச் சொல்வதுபோல. பக்கத்தில் அவர் மனைவி அமிர்தவல்லி பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் மட்டும் "உங்க பேரு என்ன தம்பி?" என்றார்.

என் பெயர் குணா. மூன்று தலைமுறையாக நாங்கள் ரங்கத்தில்தான் இருக்கிறோம். பறவை பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்கும் கடற்கரைக்கும் கூட்டிப் போவது என் தொழில். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பறவைக் குரல்களைப் பதிந்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் மெயின்லேண்டில் இருந்து ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். இதை நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கறுப்பு மரங்கொத்தி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடற்கரையை ஒட்டி ஒரு பட்ட மரம். அதே மரத்தில் ஒரு ஜோடி வருஷா வருஷம் புதுப் பொந்து குடையும். முந்தின வருஷம் புயல் மழையில் முட்டை வீணாய்ப் போனது. போன வருஷம் பாம்பு புகுந்துவிட்டது. இந்த வருஷம் ஒரே ஒரு குஞ்சு. தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்க்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. இன்னும் மூன்று நாளோ நாலு நாளோ, பறந்துவிடும். அதுவரை அந்தப் பக்கம் ஒருவரையும் கூட்டிப் போவதில்லை என்று தீர்மானமாக இருந்தேன்.

ஆகவே மறுநாள் விடியற்காலையில் ஜீப்பை வேறு திசையில் திருப்பினேன். மனிதர் விடவில்லை. ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி, சரியாக அந்த மரத்தின் மேலேயே.

"இங்க போ. நெட்ல குரலும் இருக்கு, இடமும் இருக்கு. உன்னை மாதிரி ஆளுங்க ஒளிச்சு வச்சா ஆச்சா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. எவனோ ஒரு கேடுகெட்டவன் புள்ளி வைத்துக் காட்டிக்கொடுத்திருக்கிறான். அவன் கை விளங்காமல் போக என்று மனதாரச் சபித்தேன்.

"அங்க குஞ்சு இருக்கு சார். நான் வர மாட்டேன்."

"வராட்டிப் போ. ஆட்டோ பிடிச்சுப் போய்க்கிறேன்."

அவரைத் தனியாக விட்டால் பொந்துக்குள் கையையே விட்டுப் பார்ப்பார் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

அன்று அமாவாசை. அமாவாசைக்குக் கடல் முழு மூச்சாக ஏறும். நாங்கள் போனபோதே தண்ணீர் பாறைகளைப் பாதி விழுங்கியிருந்தது. அலையாத்தி வேர்களுக்கு நடுவே நண்டுகள் மேலே ஏறி வந்துகொண்டிருந்தன. சாம்பல் நிறக் கொக்கு ஒன்று கடைசிப் பாறையில் நின்று மீன் தேடியது. வேறு யாராவது வந்திருந்தால் அரை மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருப்பார்கள். இவர் முதலை எச்சரிக்கைப் பலகையில் கேமராப் பையை மாட்டிவிட்டு, ஒரு கட்டைமேல் ஃபோனை வைத்தார். அது என்ன செய்யப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

"சார், வேணாம். குரலைப் போட்டீங்கன்னா வேற ஆண் வந்துடுச்சுன்னு அது ரெண்டும் சண்டைக்கு வந்துடும். பொந்து காலியாக் கிடக்கும். மத்லப், நான் சொல்றது புரியுதா?"

"அரை நிமிஷம்ப்பா. அதுக்குள்ள குஞ்சு செத்தா போயிடும்?"

"பேசாம உக்காந்தா தானா வரும் சார். ஒரு மணி நேரம்."

"எனக்கு மத்தியானம் மாயாபந்தர் போகணும். நீ கைடா, வாத்தியாரா? நெட்ல உனக்கு ஒரு ஸ்டார் மட்டும் போட்டேன்னா சீசன் முழுக்க ஈ ஓட்டிக்கிட்டு இருப்ப."

"போடுங்க. ரெண்டு கையாலயும் போடுங்க."

இந்தச் சண்டைக்கு நடுவே அமிர்தவல்லி அம்மாள் ஒரு டிபன் பாக்ஸோடு என் பின்னால் வந்து நின்றார். லாட்ஜில் சொல்லி வாங்கிய சோறு. "எங்க மாமனாருக்கு அமாவாசைப் படையல், தம்பி. காக்காவுக்கு வச்சுட்டுத்தான் பச்சைத் தண்ணி குடிக்கணும். தண்ணி ஏறுதே, எங்க வைக்கிறது? இங்க காக்கா வருமா?"

"வரும். மேடாப் பாத்து எங்கயாவது வைங்கம்மா" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல். எனக்கு அப்போது அவர் புருஷனைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பக்தவத்சலம் ஃபோனைத் தட்டிக் குரலை ஓடவிட்டார்.

குக்-குக்-குக் என்று அந்தக் குரல் கிளம்பியதும் காடு ஒரு கணம் அடங்கியது. பிறகு ஆண் பறவை வந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, தலையில் மட்டும் சிவப்புக் கொண்டை. வந்த வேகத்தில் எங்கள் தலைக்கு மேலிருந்த கிளையை வெறிபிடித்தாற்போல் கொத்தியது. மரத்தூள் அவர் தொப்பியில் கொட்டியது. பெண்ணும் வந்து சேர்ந்தது. இல்லாத எதிரியைத் தேடி இரண்டும் கிளைக்குக் கிளை தாவிக் கத்தின. அவர் கேமரா நிற்காமல் அடித்தது. "ஆஹா, ஆஹா" என்றார். நான் ஃபோனை எடுக்கப் போனேன். முழங்கையால் என்னைத் தள்ளினார். பதிலுக்கு நானும் தள்ளினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐம்பது வயதில் மணலில் ஒரு கிழவரோடு மல்லுக்கு நின்றேன்.

அப்போதுதான் காகங்களின் சத்தம் கேட்டது.

தண்ணீர் ஏறாத மேடு அங்கே ஒன்றுதான் இருந்தது, பட்ட மரத்தின் அடி. அந்த அம்மாள் சோற்றை அங்கேதான் வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு அண்டங்காக்கைகள் சோற்றில் இறங்கியிருந்தன. ஐந்தாவது சோற்றைத் தொடவில்லை. பொந்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. தாய்ப் பறவையின் குரலைக் கேட்டுக் குஞ்சு தலையை நீட்டியிருக்க வேண்டும். காகம் அதைக் கழுத்தோடு பிடித்து இழுத்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அது கடல் பக்கமாகப் பறந்துவிட்டது. அலகிலிருந்து ஒரு சின்னக் கால் தொங்கியது.

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் திரும்பி வந்து பக்தவத்சலத்தின் முகத்துக்கு நேரே நின்று வாயில் வந்ததெல்லாம் பேசினேன். "கொன்னுட்டீங்க. உங்க லிஸ்ட்டுக்காகக் கொன்னுட்டீங்க. நீங்களும் அந்தப் புள்ளி வச்ச நாயும்." அவர் ஃபோனை நிறுத்தவும் மறந்துவிட்டார்.

குரல் முடிந்தது. ஃபோன் ஒரு வினாடி கரகரத்தது. பிறகு அதிலிருந்து ஒரு மனிதன் பேசினான். பதிவு முடிந்ததும் எது, எங்கே என்று சொல்லி முடிப்பது பதிகிறவர்களின் வழக்கம். இளமையான, உற்சாகமான குரல்.

"கறுப்பு மரங்கொத்தி, ஆண். ரங்கத், கடற்கரை ஓரம், பட்ட மரம். முதலை போர்டுக்கு நேர் எதிரே. பதிவு செய்தது குணா."

என்னுடைய எத்தனையோ பதிவுகளில் ஒன்று. போட்டதே மறந்துபோயிருந்தது.

அமிர்தவல்லி அம்மாள் ஃபோனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க குரல் மாதிரி இருக்கே தம்பி."

பக்தவத்சலம் தொப்பியைக் கழற்றி மரத்தூளைத் தட்டினார். "கடைசி வரைக்கும் நான் கேட்டதில்லப்பா. புள்ளியைப் பாத்துத்தான் வந்தேன்" என்றார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, "நீ வச்ச புள்ளி" என்றார்.

அதற்குள் ஃபோன் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டது. பொந்துப் பக்கம் போய்க்கொண்டிருந்த பெண் பறவை, அந்தக் குரலைக் கேட்டதும் பாதி வழியில் திரும்பி எங்களிடம் சண்டைக்கு வந்தது.