கூன் விழாத ரோகு

பாவாத்தாள் வீட்டு அடுப்படியில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று காரமடைப் பக்கம் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பொறாமை, மீதிப் பேருக்கு அவளிடம் பயம். அவள் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தில் வெயில் பட்டால் எதிர்வீட்டுக்காரருக்குக் கண் கூசும்.

இப்பேர்ப்பட்டவள் மீன் வளர்த்தால் எப்படி வளர்ப்பாள்? கிணற்றோரம் சும்மா கிடந்த பெரிய சிமெண்டுத் தொட்டியில் ரோகுக் குஞ்சுகளை நெருக்கமாக விட்டாள். அன்றிலிருந்து தொட்டியும் அவள் அடுப்படியோடு சேர்ந்துவிட்டது. சுவரில் பாசி படர்ந்தால் பொறுக்கமாட்டாள், துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளிவிடுவாள். தினமும் மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் விடுவாள். தொட்டியடியில் காசு விழுந்தால் பூவா தலையா என்று மேலே நின்றே சொல்லிவிடலாம். தீனியிலும் குறை வைக்கவில்லை. கன்று ஈன்ற மாட்டுக்குக் கம்பு வேகவைத்துக் கொடுத்துப் பழகிய கை அது, மீனுக்கு மட்டும் பச்சையாகப் போடுமா? கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் அண்டாவில் குழைய வேகவைத்து, ஆறவிட்டு, உருண்டை பிடித்துப் போட்டாள்.

முதல் தடவை மீன் பிடித்த அன்று மானம் போயிற்று. உக்கடத்து மீன் வியாபாரி யாகூப் வேனோடு வந்திருந்தார். வலை மேலே வந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. முக்கால்வாசி மீன் கூன். சிலதுக்கு முதுகு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது, சிலதுக்குச் செவுள் மூடி பாதிதான் இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. இதப் பலகையில வெச்சா, சீக்குப் புடிச்ச மீனுன்னு சனங்க கடைப்பக்கமே வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெறும் வேனோடு கிளம்பினார்.

பாவாத்தாளின் புருஷன் லட்சுமணசாமிக்கு இந்த மீன் விவகாரம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. "இத பாரு அம்மணி, இன்னொரு வாட்டி உட்டுப் பாரு. அதுவும் கோணுச்சுன்னா தொட்டிய இடிச்சுப்போட்டுப் பாக்குக் கன்னு வெச்சிருவேன்" என்றார். சொன்னால் செய்துவிடுகிற ஆள். அவள் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல், தானாக யோசித்து ஆரம்பித்த ஒரே காரியம் அந்தத் தொட்டிதான். அதை இடிக்க விடுவாளா?

மறுநாளே மீன்வளத்துறையில் வேலை பார்க்கிற அன்புச்செல்விக்கு ஆள் அனுப்பினாள். அந்தப் பெண் டிவிஎஸ் வண்டியை நிறுத்துவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"குஞ்சே சரியில்லீங்க கண்ணு. கூனல் குஞ்ச என்ற தலையில கட்டிப்போட்டாங்க."

"அதே குஞ்ச வேற எங்கயாச்சும் விட்டீங்களாக்கா?"

"எங்க உட்டேன்? தொட்டி கொள்ளாம மிஞ்சுனத அந்த மாடு கழுவற குட்டையில கொட்டுனேன். அந்தச் சாணித் தண்ணீல எது உசுரோட இருக்கும்?"

சொல்லி வாய் மூடவில்லை, அவளுக்கே பொறி தட்டியது. விறுவிறுவென்று போய்க் குட்டையில் வலை வீசினாள். பச்சைப் பசேலென்ற தண்ணீருக்குள்ளிருந்து ஒரு ரோகு வந்தது. முதுகு பள்ளிக்கூடத்து அடிக்கோல் மாதிரி நேராக இருந்தது. பாவாத்தாளுக்கு மீன்மேலேயே கோபம் வந்துவிட்டது.

"ஆக்கிப் போட்டது பூராக் கூன். அநாதையா உட்டது நிமிந்து நிக்குது! இதென்ன நாயமுங்க?"

அன்புச்செல்வி தொட்டி மீன் ஒன்றையும் குட்டை மீனையும் கீறி, சதையை விலக்கி முள்ளைக் காட்டினாள். "குஞ்சு ஒண்ணுதாங்கக்கா, வளந்த ஊடுதான் வேற. எலும்பு ஒழுங்கா அமைய மீனுக்கு வைட்டமின் சி வேணும். இந்த மீனுக்கு அத ஒடம்புலயே செஞ்சுக்கத் தெரியாது, தின்னுதான் ஆகணும். பாசியிலயும், பச்சைத் தண்ணியில மொதக்கற சின்னச் சின்ன உசுருங்கள்லயும் கெடைக்கும். நீங்க அதத் தேய்ச்சு வெளிய உட்டுட்டீங்க. தீனியில ஏதாச்சும் இருந்திருந்தாலும் அண்டாவுல வெந்தே போயிருக்கும். போதாததுக்கு நெருக்கம் வேற."

"வளைஞ்சது நிமிருமா?"

"நிமிராதுக்கா. புதுசாத்தான் விடணும்."

புதுசாக விட்டாள், இந்த முறை கொஞ்சமாக. அதற்கு முன்னால், பாசி பிடிப்பதற்காக அவள் கையாலேயே சாணி கரைத்துத் தொட்டியில் ஊற்ற வேண்டியிருந்தது. முதல் குடத்தைச் சாய்க்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தண்ணீர் பச்சை கட்டியதும் ஊர் சும்மா இருக்குமா? "பாவாத்தாளுக்கு வயசாயிருச்சாட்ட, தொட்டியில பாசி ஏறிக் கெடக்குது" என்று வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். "எட்டிப் பாக்கறவிங்கள ஒருநா உள்ள தள்ளி உடறேன், அப்பத் தெரியும் வயசு" என்று இந்தப் பக்கத்திலிருந்து பதில் போயிற்று. புண்ணாக்கை வேகவைக்காமல் ஊறவைத்தாள். நிழலில் உலர்த்திய முருங்கைத் தழையைப் பொடித்துச் சேர்த்தாள். அன்புச்செல்வி கொண்டுவந்து கொடுத்த வைட்டமின் மாவையும் தீனி போடுகிற நேரத்தில்தான் கலந்தாள்.

எல்லாம் சரி, அந்தப் பச்சைத் தண்ணீரில் மீன் கண்ணுக்கே தெரியவில்லை. நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா? நடுவில் வலை போட்டுப் பார்க்கலாமே என்றாள் அன்புச்செல்வி. பாவாத்தாளுக்குத் தைரியம் வரவில்லை. ஊரையே அதட்டுகிறவள், ஒரு வலைக்குப் பயந்து நாளைக் கடத்தினாள்.

கடைசியில் யாகூப்பின் வேன் மறுபடியும் வந்தது. லட்சுமணசாமியும் வந்து நின்றார். வலை இழுத்தவர்கள் தூக்கிய கணத்தில் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாஷா அல்லா" என்றார் யாகூப்.

திரும்பிப் பார்த்தாள். அத்தனையும் நேராக, வெள்ளி வெள்ளியாகத் துள்ளிக்கொண்டிருந்தன. யாகூப் ஒவ்வொன்றாக எடுத்து முதுகில் கட்டைவிரலை ஓட்டினார். ஒன்றைக் கீறியும் பார்த்தார். முள் எங்கும் வளையவில்லை. 

"அத்தனையும் எடுத்துக்கறேன்க்கா. இந்த மாதிரி மீன வெச்சா எங்கிருந்து வருதுன்னு கேப்பாங்க. என்ன பேரு சொல்லட்டும்?"

லட்சுமணசாமி தொண்டையைச் செருமினார். "நஞ்சப்பன் தோட்டம்னு சொல்லுங்க பாய். எங்கய்யன் பேரு."

"தோட்டம் மாமன் பேருலயே இருக்கட்டுங்க பாய்" என்றாள் பாவாத்தாள். "மீனு என்னுது. பாவாத்தா மீனுன்னு சொல்லுங்க."

வலை இழுத்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். புருஷனை வைத்துக்கொண்டு இப்படி ஒருத்தி பேசி அவர்கள் கேட்டதில்லை. லட்சுமணசாமி பெண்டாட்டியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மறுபடி பெண்டாட்டியைப் பார்த்தார்.

"அப்படியே சொல்லுங்க பாய்" என்றார். "அடுத்த வாட்டி பெரிய வேனாக் கொண்டாங்க. பாவாத்தாளுக்கு இன்னொரு தொட்டி கட்டறேன்."

பாவாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிச்ச மீனைப் பிடிக்க அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் தானே இறங்கினாள்.