இரண்டு கோட் பச்சை

"வீட்டுல ஃபேன் மாட்டுறவரு நீங்க மச்சான். இது பன்னெண்டு வோல்ட்டு. அந்தச் சிவப்பு வயரை..."

"நீ பேசிட்டே இரு மாப்ளே. சிவப்பை நான் தொடவே இல்லை. மாமா மாட்டினது மாட்டினபடியே..."

"அப்ப ஏன் சுத்தலை?"

"அதைத்தானே நானும் கேக்குறேன்."

ஜன்னலுக்கு வெளியே மகனும் மருமகனும் டிரெய்லர் முன்னால் குந்திக்கொண்டே மல்லுக்கு நின்றார்கள். உள்ளே இரும்புக் கட்டிலில் அவர் கிடந்தார். வழியில் நின்றுபோன வண்டிகளைக் கம்பி கட்டி டிரெய்லரில் ஏற்றுவது அவர் தொழில். அந்தக் கம்பியை இழுக்கிற விஞ்சைக் கையால் சுற்றியே தோள்பட்டை தேய்ந்த மனுஷன். ஒருவழியாக எலெக்ட்ரிக் விஞ்ச் வாங்கி, பாதி வயரிங்கில் சுருண்டு விழுந்தார். வாய் போய், இடப்பக்கம் போய், வலக்கை மட்டும் மிச்சம். இன்றோ நாளையோ என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அது சுற்றுகிற சத்தத்தை அப்பா காதில் போட்டுவிட வேண்டும் என்று மகன் ஒற்றைக் காலில் நின்றான்.

பட்டனை அமுக்கினார்கள். 'டக்' என்றது. அவ்வளவுதான்.

அவர் கட்டில் சட்டத்தை நகத்தால் பிறாண்டினார்.

"என்னங்க, அரிக்குதா?" மனைவி முதுகைச் சொறிந்துவிட்டாள். பவுடர் போட்டாள். வெளியே மறுபடி 'டக்'. உள்ளே மறுபடி பிறாண்டல்.

"நகம் வளந்து கிடக்கு. எங்கயாவது மாட்டி ரத்தம் வந்துடப் போகுது." அந்தக் கையின் ஐந்து நகங்களையும் ஒட்ட வெட்டினாள். "முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது கையைக் காட்டியிருப்பீங்களா? இன்னிக்குத்தான் வசமா மாட்டினீங்க."

அவர் கண்களை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஈரம் கசிந்தது. பிறகு நகமில்லாத விரலால் அதே இடத்தைத் தேய்த்தார்.

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். கட்டில் பெயின்ட் காசளவு உரிந்து, உள்ளிருந்த இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அவர் விழுந்த மூன்றாம் நாள், அப்பா எழுந்து வந்து பார்க்கட்டும் என்று மகன் டிரெய்லர் முழுக்க இரண்டு கோட் பச்சை அடித்திருந்தான். வாசனை இந்த அறை வரைக்கும் வந்தது.

"பெயின்ட்டா? சுரண்டணுமா?"

இமை ஒருமுறை மூடித் திறந்தது.

ஜன்னலில் நின்று கூப்பிட்டாள். சண்டையில் யார் காதிலும் விழவில்லை. "இருங்க, இதோ வந்துடுறேன்" என்று ஓடினாள்.

"டேய், பெயின்ட்டைச் சுரண்டணுமாம். அப்பா சொல்றாரு."

"அப்பா எப்படிம்மா சொல்லுவாரு?"

மருமகன்தான் தலையில் கை வைத்தார். "எர்த்து மாப்ளே. கருப்பு வயரை உன் பச்சை மேலயே முடுக்கியிருக்கோம். அது இரும்பைத் தொட்டாத்தானே கரண்ட் ஓடும்."

மகன் போல்ட்டைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவர் முனையால் பச்சையைச் சுரண்டினான். "மெதுவா, மெதுவா" என்றார் மருமகன்.

அவள் படியேறும்போது பின்னால் விஞ்ச் சுற்ற ஆரம்பித்தது. கனத்த, சீரான சத்தம். வீடு முழுக்க நிறைந்தது.

அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கை சட்டத்திலிருந்து நழுவித் தொங்கியது. மூக்கின் கீழ் புறங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். தான் வெளியே போகும்போது அந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

விஞ்ச் நின்றது.

"அம்மா, அப்பாவுக்குக் கேட்டுச்சா? இல்லைன்னா இன்னொரு தடவை சுத்தவா?"