நி என்றால் நிறுத்தம்

வரைபடத்தில் ஐந்து இடங்களில் கார்கள் நின்றிருந்தன. ஐந்தும் என் மனைவி நின்ற இடங்கள்.

அதை நான் கவனித்தது செவ்வாய்க்கிழமை காலை. ஆனால் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே அந்தத் தாளின் மூலையில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். பார்க்காமல் போட்டது. எட்டு மாதமாக எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் ‘சரி’ என்கிறேன். அலுவலகத்தில் அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நகராட்சியின் திட்டப் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் புறநகருக்கு மையம் என்று இருப்பது ஒரே ஒரு தெரு. ஒரு முனையில் பேருந்து நிலையம், மறுமுனையில் மருத்துவமனை, நடுவில் கடைகள், ஒரு வங்கி, ஒரு நூலகம். நீளம் நானூற்றுப் பத்து மீட்டர். அந்தத் தெருவைப் புதிதாக அமைக்க அனுமதி கிடைத்திருந்தது. வியாழக்கிழமை கூட்டத்தில் வரைபடத்தை ஏற்றுக்கொண்டால் அடுத்த மாதம் தோண்டத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு யாரும் தொடமாட்டார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு வரைவாளரிடம் போனேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா.

“அக்கா, இங்கெல்லாம் எதுக்கு கார் போட்டீங்க?”

“நீங்கதான போடச் சொன்னீங்க.”

“நானா?”

இழுப்பறையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். போன வருடம் நான் பென்சிலில் குறித்த கள வரைபடம். ஐந்து இடங்களில் சின்ன வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ‘நி’.

“நி-ன்னா என்ன? நிறுத்தம். இருபத்தஞ்சு வருஷமா இந்த ஆபீஸ்ல நிறுத்தம்னா வண்டிதான் நிக்குது. மனுஷன் நின்னா அதுக்கு வேற பேரு.”

“என்ன பேரு?”

“ஆக்கிரமிப்பு.”

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். என் முன்னால் எல்லோரும் இப்படித்தான் சிரிக்கிறார்கள், பாதி பாதியாக.

அவளுக்கு நுரையீரலில் கோளாறு. கடைசி வருடம் வாரத்துக்கு இரண்டு முறை பேருந்தில் வந்து இறங்கி, அந்தத் தெரு வழியாக மருத்துவமனைக்குப் போவோம். ஆட்டோ வேண்டாம் என்பாள். கால் நன்றாகத்தானே இருக்கிறது, அதைச் சும்மா வைப்பானேன் என்பாள். அறுபது மீட்டருக்கு ஒருமுறை மூச்சு முட்டும். நின்றுவிடுவாள்.

முதலில் தையல்கடைப் படி. அடுத்து பூட்டுக்கடைக் கண்ணாடி. பிறகு மரத்தைச் சுற்றிக் கட்டிய திட்டு. வங்கியைத் தாண்டினால் நூலகத்தின் குட்டைச் சுவர். கடைசியாக மருந்துக்கடைத் தூண். ஒவ்வொன்றிலும் நடத்துநர் மாதிரி குரல் கொடுப்பாள்.

“ரெண்டாவது நிறுத்தம் வந்தாச்சு. இறங்குறவங்க எல்லாம் இறங்குங்க.”

இறங்க என்னைத் தவிர யாரும் இல்லை.

“சும்மாதான நிக்கிற, திட்ட அலுவலர் சார்? குறிச்சு வை. உங்க ஆபீசுக்கு ஆகும்,” என்றாள் ஒரு நாள். அப்படித்தான் குறித்தேன். அவளுக்காகக் குறித்தேனே தவிர, அலுவலகத்துக்காக இல்லை. எப்படியோ அது கோப்பில் சேர்ந்துவிட்டது.

பூட்டுக்கடைக் கண்ணாடி முன்னால் அவள் நிற்கும்போதெல்லாம் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னம்மா பாக்கறீங்க?” என்பார். நாலாவது வாரம் வெட்கம் தாங்காமல் ஒரு பூட்டு வாங்கினாள்.

“நம்ம வீட்ல பூட்டி வைக்க என்ன இருக்கு?” என்றேன்.

“என் வாய் இருக்கே.”

கொஞ்ச தூரம் போனதும் மரத்திட்டில் உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

“ஒரு கடைத்தெரு நல்லா இருக்கா இல்லையான்னு நீங்க என்னென்னவோ அளக்குறீங்க. அதெல்லாம் வேண்டாம். காரணம் சொல்லாம அங்க நிக்க முடியுதான்னு பாரு, போதும். இங்க ரெண்டு நிமிஷம் நின்னா, என்ன வேணும்னு கேக்குறாங்க. மூச்சு வேணும்னா எடுத்துக் குடுப்பாங்களா?”

அந்தப் பூட்டு அட்டைப் பெட்டியோடு எங்கள் அலமாரியில் இருக்கிறது.

அவள் போன பிறகு, இந்த எட்டு மாதமாக, நான் அந்தத் தெருவில் நடக்கவில்லை. பின்பக்கச் சந்து வழியாகப் போய் வருகிறேன். புதன்கிழமை மதியம் அளவு நாடாவையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு முன்பக்கமாகப் போனேன்.

ஒரு மணி நேரத்தில் அந்த ஐந்து இடங்களிலும் நாற்பத்து மூன்று பேர் நின்றார்கள். உள்ளே போய் ஏதாவது வாங்கியவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் நின்றார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒருவர்கூட சும்மா நிற்பதுபோல் நிற்கவில்லை. இடுப்பில் குழந்தையோடு வந்த பெண் போனைப் பார்த்தாள். போன் அணைந்திருந்தது. கல்லூரிப் பையை மாட்டிய ஒருவன் மூடிய கடையின் அறிவிப்பை மூன்று தடவை படித்தான். நிற்பதற்கு எல்லோரும் ஏதோ ஒரு சாக்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

வங்கிச் சுவரில் சாக்குக்குக்கூட வழியில்லை. தொண்ணூறு மீட்டர் வெறும் சுவர். கதவு இல்லை, நிழல் இல்லை, பார்ப்பதற்கு ஒரு சுவரொட்டிகூட இல்லை. அவளுக்கு அந்தச் சுவர்தான் பயம். அங்கே மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது வயதான ஒருவர் அந்தச் சுவரின் பாதியில் நின்று, குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்தார். அது வார் இல்லாத செருப்பு.

வியாழக்கிழமை கூட்டத்தில் நான்கு பேர். தலைமைப் பொறியாளர், வியாபாரிகள் சங்கத் தலைவர், குறிப்பெடுக்க அக்கா, நான். சங்கத் தலைவர் வேறு யாரும் இல்லை, பூட்டுக்கடைக்காரர்தான்.

ஐந்து கார் நிறுத்தங்களையும் எடுத்துவிட்டு, அறுபது மீட்டருக்கு ஒன்றாக ஆள் உட்கார பெஞ்ச் போட வேண்டும் என்றேன்.

“எடுத்துட்டா?” என்றார் பூட்டுக்கடைக்காரர். “கார் நிக்க இடம் இல்லன்னா கடைக்கு எவன் வருவான், தம்பி? வானத்துல இருந்தா குதிப்பான்?”

“வர்றவங்க முக்கால்வாசி பேரு பஸ்ல வந்து நடக்குறாங்க, அண்ணே. அவங்க நிக்கிற இடம் இது.”

பொறியாளர் தாளின் மூலையைத் தட்டினார். “நீதான கையெழுத்துப் போட்டிருக்க?”

“பாக்காம போட்டுட்டேன் சார்.”

“நல்லாருக்கு. சரி, மாத்தணும்னா காரணம் வேணும். ‘ஆதாரம்’னு ஒரு கட்டம் இருக்கு, காலியா விட்டிருக்க. எந்த ஆய்வு? அறுபது மீட்டருக்கு ஒண்ணுன்னு யார் சொன்னது?”

நேற்று எடுத்த கணக்கு சட்டைப்பையில் இருந்தது. அதை நீட்டியிருக்கலாம். ஆனால் அதில் அறுபது மீட்டர் இல்லை. அந்த அளவை நாடா வைத்து யாரும் எடுக்கவில்லை.

காரணம் கேட்காத இடம் வேண்டும் என்று அவள் சொன்னதற்கு நான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

“என் மனைவி நின்ன இடம் சார் அது,” என்றேன். “ஆஸ்பத்திரிக்குப் போறப்ப. அறுபது மீட்டருக்கு மேல அவளால முடியாது.”

எட்டு மாதத்தில் அவளைப் பற்றி வெளியில் நான் சொன்ன முதல் வாக்கியம். நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது.

அக்கா எழுதுவதை நிறுத்தியிருந்தார். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோப்பிலிருந்த என் பென்சில் வரைபடத்தை இழுத்து ஒரு வட்டத்தில் விரல் வைத்தார்.

“இந்த ரெண்டாவது நி... பூட்டுக்கடைக் கண்ணாடியா?”

“ஆமா சார்.”

“நெஞ்சுல ஆபரேஷன் ஆன வருஷம், நான் அங்க நின்னு மூணு பூட்டு வாங்கினேன்யா.”

பூட்டுக்கடைக்காரர் நிமிர்ந்தார். “சார், மூணும் நல்ல பூட்டு சார்.”

“நல்ல பூட்டுதான். எனக்கு வேண்டியிருந்தது நாற்காலி.”

பூட்டுக்கடைக்காரர் எதையோ மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

“அந்தப் பொண்ணா? நீல பை வச்சிருக்கும். நான் ஏதோ புடிச்ச பூட்டு கிடைக்கலன்னு நெனச்சேன். மேல் தட்டுல இருந்து எல்லாத்தையும் எடுத்துக் காட்டுனேன்.”

“சொன்னா, அண்ணே.”

“பெஞ்ச் போடுங்க தம்பி. எங்க வேணும்னாலும் போடுங்க. என் கடை முன்னாடி மட்டும் வேண்டாம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: “பூட்டு விக்காது.”

பொறியாளர் சிரித்தார். அக்காவும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. அக்கா இந்த முறை பாதியில் நிறுத்தவில்லை, அதைக் கவனித்தேன்.

எல்லாம் நான் கேட்டபடி நடக்கவில்லை. மருந்துக்கடை முன்னால் இரண்டு கார் நிற்க இடம் விட்டாக வேண்டும் என்று பூட்டுக்கடைக்காரர் ஒரே பிடியாக நின்றார். அவசரத்துக்கு வண்டியில் வருகிறவர்களும் இருக்கிறார்களே என்றார். நியாயம்தான். விட்டுக்கொடுத்தேன். பூட்டுக்கடை முன்னால் பெஞ்ச் இல்லை, ஆனால் கண்ணாடிக்கு மேலே நிழலுக்கு ஒரு தகடு நீளும். மற்ற மூன்று இடங்களிலும் உட்காரலாம். வங்கிச் சுவரின் நடுவில், நாற்பத்தைந்தாவது மீட்டரில், புதிதாக ஒரு பெஞ்ச்.

சாயங்காலம் அக்கா கார்களை அழித்துவிட்டுத் திருத்திய தாளைக் கொண்டுவந்தார்.

“கீழ குறியீட்டு விளக்கம் எழுதணும். நி-க்கு என்ன போடட்டும்?”

“நிறுத்தம்.”

“எதுக்கு நிறுத்தம்னு டெண்டர் எடுக்கிறவன் கேப்பான் தம்பி.”

“எதுக்குன்னு கேக்கக் கூடாது. அதுக்குத்தான் அக்கா போடுறோம்.”

அவர் ‘நி: ஆள் நிறுத்தம்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

‘ஆதாரம்’ என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது. ‘கள ஆய்வு. ஆய்வு செய்தோர் இருவர்’ என்று நிரப்பினேன். பிறகு பேருந்து நிலையத்தில் தொடங்கி மருத்துவமனை வாசல்வரை வரைபடம் முழுவதையும் ஒருமுறை பார்த்தேன். பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டேன்.