ஹெட்டுக்கு வைத்த சந்தனம்

"உள்ளுக்குமா வச்ச?"

"உள்ளுக்குந்தான். வெளிய மட்டும் வச்சா அது பூசையா? ஓட்டை ஓட்டையா கண்ணு மாதிரி தொறந்துகிட்டு கெடந்துச்சு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் விரல விட்டு ஒரு பொட்டு வச்சேன்."

"காஞ்ச சந்தனமா, கொழச்சதா?"

"காஞ்சத யாரு வைப்பா? நல்லா கொழச்சு, அப்பித்தான் வச்சேன். என்னங்க, போலீஸ்காரன் மாதிரி கேக்குறீங்க?"

அழகமுத்து தேநீர்க் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தான். எதிரே அவன் மனைவி நல்லம்மா, பூசைத் தட்டில் ஒட்டிக் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். அரைத்த சந்தனம் அத்தனையையும் உங்கள் இரும்பே குடித்துவிட்டது என்று அவள் விளையாட்டாகத்தான் பேச்சைத் தொடங்கியிருந்தாள்.

"சட்டைய எடு," என்றான். "ஹுன்னஸ்கிரிய போகணும்."

"இப்பவா? எதுக்கு?"

"ஐயா எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போகணும்."

அவள் தட்டைக் கவிழ்த்துவிட்டு, "நானும் வாறேன். என் பொட்டப் பத்தி பேச்சு வரும்னா நான் இருக்கணும்," என்றாள்.

பிலிமத்தலாவையில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கராஜ் அவனுடையது. பிரேக், வில்தகடு, சைலன்சர் என்று வண்டியின் அடிப்பக்கத்து வேலைகளையே செய்து வந்தவன். எஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டை ஒருவர் நம்பி அவன் கையில் கொடுத்தது இதுதான் முதல் தடவை. கொடுத்தவர் தியாகராஜா, கண்டி மாநகரசபையில் எஞ்சினியர். நாட்டை விட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கிய சிவப்பு எம்.ஜி. கார் அவருடையது. அதைக் கார்களின் மலையேற்றப் போட்டியில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இன்றைக்கு ஹுன்னஸ்கிரியவில் அந்தப் போட்டி.

ஹெட்டுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் குழிவழிகளை அரைத்து அகலமாக்கினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும், இழுவை கூடும். ஆனால் அந்த வழிகளின் சுவருக்கு அப்புறம் ரேடியேட்டர்த் தண்ணீர் ஓடுகிறது. தியாகராஜா புத்தகம் பார்த்து, ஒவ்வொரு வழியிலும் ஊசியால் ஒரு கோடு கீறிக் கொடுத்திருந்தார். "இந்தக் கோட்டைத் தாண்டாதையும் அழகமுத்து. வெளிநாட்டுச் சாமான் வாற வழி அடைபட்டிருக்கு. இது போனா இந்தத் தீவில இன்னொரு ஹெட் இல்லை. எனக்குக் காரும் இல்லை."

இரண்டாவது வழியில் அவன் தாண்டினான். வார்ப்பிலேயே அங்கே ஒரு முடிச்சு இருந்தது. விரலை விட்டுத் தடவும்போதெல்லாம் அது தட்டுப்பட்டது. அதையும் எடுத்துவிட்டால் காற்று ஒரு சலசலப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்று தோன்றியது. சுழன்று அரைக்கும் கல் கையில் முனகிக்கொண்டிருந்தது. அந்த வழி நீண்டு நீண்டு, எங்கோ ஒரு வெளிச்சத்தில் போய் முடிவதாக ஒரு மயக்கம். கோடு மறைந்த பிறகுதான் கோடு ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஆயுத பூசை. எந்தக் கருவியையும் தொடக்கூடாத நாள். கராஜில் இருந்த சுத்தியல், ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றோடும் ஹெட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வாழையிலையில் கிடந்தது. அதற்கடுத்த நாள் அவன் அதைத் துடைத்து, குழிவழிகளில் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, தண்ணீர் ஓடும் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தான். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் சுண்ணாம்பில் ஈரம் படரும். படரவில்லை. சாமி காப்பாற்றியது என்று நினைத்தான். ஹெட்டைப் பூட்டினான். கோட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஹுன்னஸ்கிரிய பஸ் புறப்படத் தயாராக நின்றது. பின் இருக்கையில் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் நல்லம்மா, வரும் வழியில் அவன் சொன்னதை வைத்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்ப என் சந்தனம் துளைய அடைச்சிருச்சுன்றீங்க."

"அடைச்சுக் காஞ்சிருக்கும். நான் மேலாலதானே துடைச்சேன்."

"இப்ப அது அங்கதானே இருக்கும்?"

"சுடுதண்ணி பட்டா சந்தனம் எவ்வளவு நேரம் நிக்கும்? கரைஞ்சு போயிருக்கும். ராத்திரி முழுக்க வண்டி நிக்குது. துளை வழியா தண்ணி சொட்டுச் சொட்டா சிலிண்டருக்குள்ள எறங்கும். தண்ணி நசுங்காது, புள்ள. அவரு ஸ்டார்ட்டர இழுத்தாருன்னா உள்ள இருக்கிற தண்டு வளையும். எஞ்சினே பொளந்தாலும் பொளக்கும்."

"வெள்ளிக்கிழம வண்டி நல்லாத்தானே ஓடிச்சு? நீங்ககூட பெருமையா சொன்னீங்க."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. காற்று அடைத்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஒரு கோப்பை ஊற்றி மூடினான்.

"ஒண்ணுமே ஆகாமலும் இருக்கலாம்," என்றான். "துளையே இல்லாமலும் இருக்கலாம். நாம போய்ச் சொன்னா, கோட்டத் தாண்டுனது தெரியவரும். இனி ஒருத்தனும் எனக்கு எஞ்சின் தரமாட்டான்."

"அப்ப எறங்கிருவோமா? அடுத்த ஸ்டாப்புல கடை ஒண்ணு இருக்கு. வடை நல்லா இருக்கும்."

அவன் அவளை முறைத்தான். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"ஒண்ணு சொல்லுறேன்," என்றாள். "என் சந்தனத்து மேல பழியப் போட்டுறாதீங்க. ஓட்டைய நான் போடல."

வளைவுகளில் பஸ் முக்கி முனகி ஏறியது. தேயிலைச் சரிவுகளின் மேல் மூடுபனி இறங்கியிருந்தது. ஹுன்னஸ்கிரியவுக்குக் கீழேயே பொலிஸார் கயிறு கட்டிப் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். போட்டி முடியும்வரை பாதை இல்லை. இருவரும் இறங்கி நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். மேலே எங்கோ ஓர் எஞ்சின் எழுந்து உறுமி, வளைவுக்கு அப்பால் தேய்ந்தது. அழகமுத்து நின்று காதைக் கொடுத்தான்.

"அதுவா?"

"இல்ல. அது சின்ன எஞ்சின்."

இன்னொன்று எழுந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அதுவும் இல்லை.

புறப்படும் இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. சிவப்பு எம்.ஜி.க்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூரை இல்லாத அந்தக் காரில் தியாகராஜா கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன அழகமுத்து, குடும்பத்தோட வந்திட்டீர்? உம்மட வேலையை நீர் பாக்காம வேற ஆர் பாக்கிறது."

"ஐயா, வண்டிய இன்னும் ஸ்டார்ட் பண்ணலியே?"

"இல்லை. மேல சிநேகிதன்ர பங்களாவில இருந்து இறக்கத்தில சும்மா உருட்டிக்கொண்டு வந்தனான். இப்பதான் சூடாக்கப் போறன்."

"ரேடியேட்டர்ல தண்ணி பாத்தீங்களா?"

"ஓம், காலமை குறைஞ்சு கிடந்தது. அரைப் போத்தல் விட்டனான். ஏன்?"

அழகமுத்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தான்: அரைப் போத்தல். முன்னால் நின்ற கார் சீறிக்கொண்டு கிளம்பியது. கொடி பிடித்திருந்தவர் எம்.ஜி.யை முன்னுக்கு வரச் சொல்லிக் கையசைத்தார். வரிசையை விட்டு விலகினால் இன்றைக்கு மறு வாய்ப்பில்லை. தியாகராஜாவின் விரல்கள் ஸ்டார்ட்டர்க் குமிழுக்குப் போயின.

"இழுக்காதீங்க ஐயா."

"ஏன் எண்டு சொல்லுமன்."

"ரெண்டாவது வழியில கோட்டத் தாண்டிட்டேங்க. துளை விழுந்திருக்கும்னு நெனைக்கிறேன். தண்ணி சிலிண்டருக்குள்ள நிக்குது."

தியாகராஜா அவனையே பார்த்தார். "சோதிச்சனான் எண்டு சொன்னனீர்."

"சோதிச்சேன். ஆனா..."

"உள்ளுக்குச் சந்தனம் வச்சது நான்தாங்க," என்றாள் நல்லம்மா, மூச்சு வாங்க. "அது துளைய அடைச்சிருச்சு."

"நீ சும்மா இரு," என்றான் அழகமுத்து. "அவ வச்சது சந்தனம் மட்டுந்தாங்க. துளை நான் போட்டது. தாண்டினதும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

தியாகராஜாவின் முகத்தில் இருந்த மலர்ச்சி போயிருந்தது. கொடிக்காரர் மறுபடி கையசைத்தார். பின்னால் நின்ற காரில் ஒருவன் பொறுமையிழந்து ஹார்ன் அடித்தான். குமிழைப் பிடித்திருந்த விரல்கள் இறுகியதை அழகமுத்து கண்டான். அவன் காரின் கதவைப் பற்றிக்கொண்டு குனிந்தான்.

"கைய எடுங்க ஐயா. நாலு ப்ளக்கையும் கழட்டிட்டு, எஞ்சினைக் கையால ஒரே ஒரு சுத்து சுத்திப் பாக்க விடுங்க. உள்ள தண்ணி நின்னா ப்ளக் ஓட்டை வழியா வெளிய வந்துரும்."